கப்பலேறிய மானம்

"மானம் கப்பலேறிவிட்டது" என்பது நம் வீட்டுத் தாய்மார்கள் சொல்லி நாமெல்லாரும் கேட்ட மொழி. கடன் கொடுத்தவன் வாயிற்படியில் நின்று கூவினால் மானம் கப்பலேறிவிடும். மகள் தன் மனத்துக்குப் பிடித்தவனை மணந்துகொண்டால் ஏறிவிடும். மகன் தேர்வில் தோற்றால்கூட ஏறிவிடும்! சிறுவனாக இருந்தபோது நான் என் பாட்டியைக் கேட்டேன்: "எந்தக் கப்பல், ஆயா? எங்கே போகிறது அது?" சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த கிழவி நிமிர்ந்தும் பாராமல் சொன்னாள்: "பழவேற்காட்டுக் கப்பல்தான். வேறு எந்தக் கப்பலை நான் கண்டேன்?"

பொன்னேரிக்குப் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. பழவேற்காடு எங்களுக்குக் கூப்பிடு தொலைவு. கருவாடு வரும் ஊர். காற்று உப்புச் சுமந்து வரும் திசை. பாட்டி விளையாட்டாகச் சொன்ன சொல்லை நானும் விளையாட்டாகவே மறந்தேன். மறந்த சொல் ஐம்பதை நெருங்கும் வயதில் திரும்பி வந்து என் சட்டையைப் பிடித்து உலுக்கும் என்று அன்று நான் அறியேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன், தோழர்களே. சற்றே சுற்றிவளைத்துச் சொல்ல வேண்டும், பொறுத்தருள்க.

எங்கள் ஊரில் ஒரு படிப்பகம் இருந்தது. ஓலைக் கூரை, இரண்டு விசுப்பலகை, ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. மாலை வேளைகளில் அங்கே ஒரு தமிழாசிரியர் வருவார். வயலில் வேலை முடித்துக் கால் கழுவி வருகிறவர்களுக்கு அவர் பாடம் நடத்தமாட்டார், பேசுவார். அப்படி ஒருநாள் பாரியின் கதை வந்தது. முந்நூறு ஊருடைய பறம்பை மூவேந்தரும் ஒருங்கே முற்றியதும், பாரி மாண்டதும், தந்தையற்ற பெண்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் ஊர் ஊராய் அலைந்ததும் கேட்டு எங்கள் கண்கள் கசிந்தன. விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு அவர் சொன்னார்: "கிரேக்கத்திலும் ஒரு பறம்பு இருந்தது. ஆனால் அதற்கு ஒரு கபிலர் கிடைக்கவில்லை."

மீலோஸ் என்னும் தீவுதான் அது. ஈஜியக் கடலில் கிடக்கும் ஓர் எரிமலைத் தீவு. கைகள் உடைந்த நிலையிலும் உலகம் வியக்கும் அழகுச் சிலையொன்று பாரிஸ் மாநகரின் லூவர் காட்சிக்கூடத்தில் நிற்கிறதே, அந்த வீனஸ் சிலை 1820இல் கிடைத்தது இத்தீவின் மண்ணில்தான். தீவு சிறிது; அதில் ஒரே நகரம்; அந்நகரமே ஓர் அரசு. எழுநூறு ஆண்டுகளாகத் தம்மைத் தாமே ஆண்டு வருவதாக அம்மக்கள் பெருமை பேசினர். ஏதென்சும் ஸ்பார்ட்டாவும் கி.மு. 431இல் போரில் இறங்கியபோது, மீலோஸ் ஸ்பார்ட்டாவின் குடிவழி வந்த ஊராயினும், "எங்களுக்கு இருவரும் வேண்டா, எங்களை விட்டுவிடுங்கள்" என்று ஒதுங்கி நின்றது.

ஒதுங்கி நிற்கும் உரிமை சிறியவனுக்கு உண்டா? கி.மு. 416இல் ஏதென்சு அதற்கு விடை சொல்லிற்று. முப்பத்தெட்டுக் கப்பல்கள்; மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள். முதலில் தூதர் வந்தனர். அவர்களை மீலோசின் தலைவர்கள் மக்கள் மன்றத்தில் பேச விடவில்லை. மூடிய அறையில், பெரியமனிதர் சிலர் முன்னே மட்டும் பேசவைத்தனர். நியாயத்தைப் பேசிப் பொழுதைக் கழிக்க வேண்டா, வலிமையைக் கணக்கிட்டுப் பேசுவோம் என்பது தூதர்களின் வாதம். நடுநிலையும் நியாயமும் தெய்வத் துணையும் ஸ்பார்ட்டாவின் உதவியும் தலைவர்களின் வாதம். தூசிடிடஸ் என்னும் வரலாற்றாசிரியர் இந்த உரையாடலை நாடகம்போல் எழுதி வைத்திருக்கிறார். ஸ்பார்ட்டா வரவில்லை, தெய்வமும் வரவில்லை. முற்றுகை நீண்டது. உள்ளிருந்தே ஒரு துரோகமும் சேர்ந்துகொள்ள, மாரிக்காலத்தில் நகரம் பணிந்தது. கைக்குக் கிடைத்த ஆண்மக்கள் அனைவரும் கொல்லப்பட்டனர். பெண்டிரும் பிள்ளைகளும் அடிமைகளாக விற்கப்பட்டனர். காலியான வீடுகளில் ஏதென்சிலிருந்து ஐந்நூறு பேர் குடியேறினர்.

கொடுங்கோலன் ஒருவன் இட்ட கட்டளையா இது? அன்று! பார்த்தினான் கோவிலைக் கட்டிய ஏதென்சு; சாக்ரடீஸ் சந்தைத் தெருவில் நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்த ஏதென்சு; குடிமக்கள் கூடிக் கைதூக்கி முடிவெடுத்த ஏதென்சு. மக்களாட்சியின் தொட்டில் என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோமே, அந்த ஏதென்சு! அந்தக் கைதூக்கும் மன்றத்தில் பெண்ணுக்கு இடமில்லை, அடிமைக்கு இடமில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லித்தான் ஆசிரியர் அன்று விளக்கை அணைத்தார். சில திங்களுக்குப் பின் யூரிப்பிடிஸ், அடிமைகளாய்ப் பங்கிடப்படும் டிராய் நகரத்துப் பெண்களைப் பற்றிய நாடகத்தை அதே ஏதென்சின் அரங்கிலே நிகழ்த்தினார் என்பதை நான் பிற்காலத்தில் படித்தறிந்தேன். ஒருவனாவது உறுத்தலோடு இருந்தான் போலும்.

நிற்க. மீலோசை நான் மறந்ததில்லை. ஆனால் அது எங்கோ, எப்போதோ நடந்தது என்ற துணிவில் நினைத்து வந்தேன். தொலைவில் நடந்த கொடுமைக்கு இரங்குவது எளிது, செலவில்லாத இரக்கம்.

1984இல் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு உருட்டாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். நேரக் கணக்கர் பணி. வாயிற்புறத்து அறையில் அமர்ந்து, யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று பேரேட்டில் பதிவது என் தொழில். தொடக்கத்தில் ஆரம்பாக்கத்தான், எளாவூரான், கவரைப்பேட்டையான் என்று எல்லாரும் சுற்றுவட்டாரத்தார். முகம் பார்த்தே பெயர் எழுதிவிடுவேன். தகப்பனார் பெயரும் தெரியும். ஆண்டுகள் செல்லச் செல்ல, நிலைத்த வேலை சுருங்கிற்று. ஒப்பந்தக் கூலி பெருகிற்று. உள்ளூரான் சங்கம் வைப்பான், ஊதியம் கேட்பான். ஆகவே ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆள் வந்தனர். அவர்களை அழைத்துவரும் தரகர், பெற்றோர் கையில் முன்பணம் கொடுத்து, பையனைத் தொடர்வண்டியில் ஏற்றிக் கொணர்வார். முன்பணம் கழியுமட்டும் அவன் ஊர் திரும்ப முடியாது.

இப்படி வருவோர்க்குப் புகைப்படம் ஒட்டிய கையேடு தரவேண்டும், பெயரும் ஊரும் ஊதியமும் அதில் எழுதவேண்டும் என்று 1979ஆம் ஆண்டுச் சட்டமொன்று அன்று நடைமுறையில் இருந்தது. சட்டம் சட்டப் புத்தகத்தில் நலமாக இருந்தது. எங்கள் வாயிலுக்கு வந்தது தலைக்கணக்கு மட்டுமே. எனக்கோ ஒரியா தெரியாது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் பெயரைச் சொன்னால் எனக்கு எழுத வரவில்லை. திரும்பக் கேட்க நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. எண் எளிது. ஒன்று முதல் முப்பது வரை எண் கொடுத்தேன். ஆம், யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நானே கொடுத்தேன்.

2006ஆம் ஆண்டு, ஓர் இரவு முறையில், பழுக்கக் காய்ந்த கம்பியொன்று தடம் மாறித் துள்ளிப் பாய்ந்து ஒரு பையனின் தொடையைச் சுருட்டிவிட்டது. பதினெட்டு வயது இருக்குமா? இருக்கும் என்றுதான் ஏட்டில் இருந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனவர்களில் நானும் ஒருவன். அங்கே ஒரு தாதி சீட்டையும் எழுதுகோலையும் நீட்டி, "பெயர்?" என்றார்.

எனக்கு அவன் எண் தெரியும். பதினான்கு. ஏழு திங்களாக நாள்தோறும் இருமுறை எழுதிய எண். பெயர் தெரியாது. உடன்வந்த இருவர்க்கும் தெரியாது. மயங்கிக் கிடந்தவனைக் கேட்க முடியாது. "ராஜு" என்று எழுதினேன். மேற்பார்வையாளர்கள் பெயர் தெரியாத எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மூன்றாம் நாள் நான் ஆறஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனபோது கட்டில் காலியாக இருந்தது. தரகர் அவனை அழைத்துச் சென்றுவிட்டார், ஊருக்கு அனுப்பிவிட்டார் என்றனர். ஊர் எது? அதற்கும் என்னிடம் எண்தான் இருந்தது.

வீட்டுக்குப் போக மனமின்றி, அடுத்த விடுமுறை நாளில் பொன்னேரியில் பேருந்து ஏறிப் பழவேற்காட்டில் இறங்கினேன். ஏன் அங்கே போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடலைப் பார்த்தால் நெஞ்சு ஆறும் என்பார்கள், அவ்வளவே. கடலைக் காணுமுன் கல்லறைகளைக் கண்டேன்.

டச்சுக்காரர் என்று நாம் வழங்கும் ஒல்லாந்தரின் கல்லறைத் தோட்டம் அது. தொல்லியல் துறை காத்து வருவது. வாயிலின் இருபுறமும் கல்லில் எலும்புக்கூடுகள். உள்ளே ஆளுயரக் கற்கள். என்னே நுணுக்கம் அந்த எழுத்தில்! பிறந்த ஊர், பிறந்த நாள், வகித்த பதவி, மனைவி பெயர், இறந்த நாள், அதற்குமேல் குலச் சின்னமும் செதுக்கியிருக்கிறது. முந்நூற்றைம்பது ஆண்டுக் கடற்காற்று தின்றும் எழுத்து நிற்கிறது. எங்கோ பிறந்து எங்கோ செத்த ஒரு வணிகனின் பெயரை என் விரலால் தடவிப் பார்த்தேன். அப்போதுதான் பாட்டியின் கப்பல் நினைவுக்கு வந்தது. அந்தக் கப்பலில் யார் ஏறினார்? அவர்களுக்குக் கல் எங்கே?

அன்று தொடங்கிப் பல ஆண்டு, கிடைத்ததையெல்லாம் படித்தேன். பழவேற்காடு விஜயநகரப் பேரரசின் செழித்த துறைமுகம். இங்கிருந்து சாயத் துணியும் பூத்துணியும் மலாக்காவுக்கும் பர்மாவுக்கும் சென்றன. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்து குடியேறினர். அடுத்து ஒல்லாந்தர். 1602இல் அவர்கள் அமைத்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேண்டியது கிராம்பும் சாதிக்காயும் சாதிபத்திரியும். அவை விளைந்தது இந்தோனேசியாவின் கீழ்க்கோடித் தீவுகளில். அத்தீவினர்க்கு ஐரோப்பியச் சரக்கு எதுவும் வேண்டா. சோழமண்டலக் கரையின் துணிதான் வேண்டும். நம் நெசவாளியின் துணி இல்லையேல் ஒல்லாந்து நாட்டு அடுப்பில் மணம் இல்லை! ஆகவே சந்திரகிரியில் இருந்து ஆண்ட வேங்கடபதி ராயரிடம் இசைவு பெற்று 1610இல் பண்டகசாலை போட்டனர். 1612இல் மயிலை சாந்தோமிலிருந்து போர்ச்சுகீசியர் வந்து அதை அழித்தனர். 1613இல் கோட்டை எழுந்தது. அதன் தலைவர் பெர்க்கெம், தம் பிறந்த நாட்டின் நினைவாக அதற்கு கெல்டிரியா என்று பெயரிட்டார். 1690 வரை சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தர் ஆட்சிக்கு அதுவே தலைநகரம்.

அந்தக் கோட்டைக்குள் என்னவெல்லாம் இருந்தன! ஆளுநர் இருந்தார், படை இருந்தது, நாணயச் சாலை இருந்தது, கிழக்குக் கடலெங்கும் வெடிமருந்து அனுப்பிய ஆலை இருந்தது. 1621இல் ஆங்கிலேயரும் இங்கே வந்து ஒண்டிப் பார்த்தனர். ஒல்லாந்தரோடு ஒத்துப்போக முடியாமல் 1623இல் வெளியேறினர். இடம் தேடி அலைந்து, துர்க்கராஜப்பட்டினத்தில் சிலகாலம் தங்கி, 1639இல் சென்னைக்கு வந்தனர். பழவேற்காட்டில் இடம் கிடைத்திருந்தால் சென்னை மாநகரம் பொன்னேரிப் பக்கம் வளர்ந்திருக்குமோ என்னவோ. எங்கள் ஊர் நிலத்துக்கு நல்ல விலை கிடைத்திருக்கும்!

கொடி, கோட்டை, நாணயம், படை, நீதி என்று ஒரு நகர அரசுக்கு வேண்டிய எல்லாம் இருந்தன. குடிமக்கள் மட்டும் இல்லை. கம்பெனிக்கு ஊழியர் இருந்தனர், நெசவாளர் இருந்தனர், கடன்பட்டோர் இருந்தனர். அடிமைகளும் இருந்தனர்.

இங்கேதான் மீலோஸ் திரும்பி வருகிறது. சாதிக்காய் விளைந்த பாண்டாத் தீவுகளின் மக்கள், தம் விளைச்சலை விரும்பியவர்க்கு விற்போம் என்றனர். 1621இல் கம்பெனியின் தலைமை ஆளுநர் கூன் என்பவர் படையெடுத்தார். ஊர்ப் பெரியோர் 44 பேர் தலை வெட்டப்பட்டனர். ஏறத்தாழ 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் எஞ்சியோர் ஆயிரத்தை ஒட்டினர். மற்றையோர் வாளாலும் பட்டினியாலும் மாண்டனர், ஓடினர், பிடித்துச் செல்லப்பட்டனர். காலியான தோப்புகளை ஒல்லாந்தர் பங்கிட்டுக்கொண்டனர். ஈராயிரம் ஆண்டுக்கு முன் ஏதென்சு செய்தது அப்படியே! ஆனால் மரத்திலிருந்து காயைப் பறிப்பது யார்? ஆள் வேண்டும். 1619இல் அவர்கள் எழுப்பிய படேவியா நகரத்தில் வாய்க்கால் வெட்டவும் சுமை தூக்கவும் ஆள் வேண்டும். கடல்கடந்த பல கரைகளில் ஆள் தேடினர். சோழமண்டலக் கரை அவற்றுள் ஒன்று.

1622, 1623 ஆகிய ஆண்டுகளில் இக்கரையில் மழை பொய்த்தது, பஞ்சம். அந்த ஈராண்டில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து ஏறத்தாழ 1,900 பேரை ஒல்லாந்தர் கப்பலேற்றினர். பஞ்சம் வந்தபோதெல்லாம், நாயக்கரும் சுல்தான்களும் போரிட்டு வயல்களை அழித்தபோதெல்லாம் இது பெருகிற்று; மழை பெய்தபோது குறைந்தது. ஆளின் விலை அரிசியின் விலையைப் பார்த்து இறங்கிற்று. மகனையும் மகளையும் ஒருபிடி அரிசிக்கு விற்ற தாயை ஏசும் தகுதி நமக்கில்லை. கப்பலில் ஏறினால் உயிராவது மிஞ்சும் என்று அவள் எண்ணியிருப்பாள்.

ஒல்லாந்தன் ஊருக்குள் வலை வீசி ஆள் பிடிக்கவில்லை என்பதை நாம் மறைக்கக்கூடாது. கோட்டைக்குள் அமர்ந்திருந்தவனிடம் ஆளைக் கொண்டுபோய் நிறுத்தியவர் நம்மவர். நம் மொழி பேசிய தரகர், நம் தெருவில் நடந்த தரகர். மனிதனை விற்பது அவர்களுக்குப் புதுமையும் அன்று. சோழர் காலத்துக் கல்வெட்டிலேயே மனிதரை விற்ற செய்தி உண்டு. அடிமை ஓலை எழுதிக் கையெழுத்து வைத்த வழக்கம் உண்டு. பிறப்பாலேயே ஒருவனை நிலத்தோடு சேர்த்து எண்ணிய சாதிக் கட்டு உண்டு. பழம்பெருமை பேசும்போது நாம் இந்தப் பக்கத்தை மட்டும் ஒட்டிவைத்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டுகிறோம். அயலான் கப்பல் கொண்டுவந்தான். ஏற்றுவதற்கான ஏணியை நாம் ஆயத்தமாக வைத்திருந்தோம்.

ஏரிக்கரைக் குப்பங்களில் இன்னொன்றும் கண்டேன். பழவேற்காட்டு ஏரியில் மீனவருக்குள் பாடு முறை என்று ஒன்றுண்டு. இறால் நிறைய விழும் இடங்களை வலியவன் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று, ஊர் கூடிக் குலுக்கல் போட்டு, யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைப்பார்கள். ஏதென்சில் பதவிகளைக் குலுக்கலால் கொடுத்தார்களே, அதுபோல! பெரிய பெரிய பல்கலைக்கழகத்தார் வந்து இதைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார்கள். வியக்கத்தக்கதுதான். ஆனால் குலுக்கலில் யார் பெயர் இடம்பெறும்? அந்தக் குறிப்பிட்ட சாதியில் பிறந்து, தலைக்கட்டாகப் பதிவுபெற்ற ஆணின் பெயர். கணவனை இழந்தவள் வலை கட்ட முடியாது. இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்ப் பெண், அந்தக் குலுக்கலின் பானையைப் பார்த்ததுகூட இராது. நகர அரசு சிறியதாக இருந்தால் நீதி தானே வந்துவிடும் என்று எண்ணியிருந்தவன் நான். சிறிய ஊருக்கும் வேலி உண்டு. உள்ளே இருப்பவனுக்கு அது தெரிவதில்லை.

ஒல்லாந்தர் ஆட்சியின் முடிவை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. பிறகு ஆங்கிலேயர் பிடிப்பதும் திருப்பிக் கொடுப்பதுமாக இருந்து, கோட்டையை 1806இல் இடித்து, 1824ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி 1825இல் ஊரை முற்றும் எடுத்துக்கொண்டனர். இன்று கோட்டை இருந்த இடத்தில் ஒரு மேடும் அகழியும் சீமைக் கருவேலங்காடும் இருக்கின்றன. ஆடுகள் மேய்கின்றன. கோட்டை போயிற்று, ஆனால் அதன் கணக்கு ஏடுகள் போகவில்லை! ஹேக் நகரத்து ஆவணக் காப்பகத்தில் கம்பெனியின் ஏடுகள் இன்றும் அடுக்கடுக்காக இருக்கின்றன, 2003இல் ஐ.நா. கல்வி பண்பாட்டு அமைப்பு அவற்றை உலக நினைவுச் சின்னங்களுள் ஒன்றாகப் பதிந்தது. எத்தனை கட்டுத் துணி, எத்தனை மூட்டை மிளகு, எத்தனை உருப்படி அடிமை என்று அந்த ஏடுகளைக் கொண்டுதான் அறிஞர் கணக்குச் சொல்கின்றனர்.

அந்த வரியைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எண்ணிக்கை இருக்கிறது, பெயர் இல்லை. எழுதியவன் கொடியவனாக இருந்திருக்க வேண்டியதில்லை. அழகான கையெழுத்துக்காரனாக இருந்திருப்பான். வீட்டில் குழந்தை குட்டி இருந்திருக்கும். ஞாயிறுதோறும் கோவிலுக்குப் போயிருப்பான். நாள் முழுதும் வெயிலில் நின்று எண்ணி, "கணக்குச் சரி" என்று மகிழ்ந்து உறங்கியிருப்பான். அவன் முகம் எனக்குத் தெரியும் என்று தோன்றிற்று.

மறுநாள் நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று வாங்கினேன். ஆலையின் பேரேட்டில் எண் எழுதியபின், என் குறிப்பேட்டில் பெயர் எழுதத் தொடங்கினேன். முதல் நாள் ஐவர்தான் சொன்னார்கள், மற்றவர் அஞ்சினர். ஒருவன் பெயரை நான்குமுறை சொல்லவைத்து, தமிழில் எழுதிப் படித்துக் காட்டினேன், அவன் சிரித்தான். நான் சரியாகச் சொல்லவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. மீண்டும் எழுதினேன். பெயர், தகப்பன் பெயர், ஊர், வட்டம். தேநீர் வேளையில் இதுவே வேலையாயிற்று. பதினேழு பெயர் சேர்ந்தபோது தரகருக்குத் தெரிந்துவிட்டது.

"எதுக்கு சார் உங்களுக்கு இந்த வம்பு? சங்கம் வைக்கப் போறீங்களா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, என்மேல் உண்மையாகவே இரக்கப்பட்டுக் கேட்டார். அடுத்த திங்கள் என்னைக் கிடங்குக்கு மாற்றினர். அங்கே நான் கம்பிகளை எண்ணினேன். எதிர்த்து நின்றேன், வழக்குப் போட்டேன் என்றெல்லாம் சொல்ல ஆசைதான். போடவில்லை. மகளுக்குத் திருமணம் முடிய வேண்டியிருந்தது. மானம் கப்பலேறுமே என்று நாம் அஞ்சுவது எதற்கெல்லாம் பாருங்கள்! திருமணம் நின்றால் ஏறும் என்று அஞ்சினேன். பையன் ஒருவனுக்குப் பொய்ப்பெயர் எழுதிக் கொடுத்தபோது அது என்றோ பாய்விரித்துப் போயிருந்ததை நான் கவனிக்கவில்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதன்பின்னும் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளிலிருந்து முன்பணத்துக்குக் கட்டுண்டவர்களை அதிகாரிகள் மீட்ட செய்தியைப் பலமுறை செய்தித்தாளில் படித்தேன். படிக்கும்போதெல்லாம் தாளை மடித்துவைத்துவிட்டு வெளியே போய் நிற்பேன்.

2016இல் ஓய்வு பெற்றேன். குறிப்பேடு அலமாரியில் கிடந்தது.

2023 ஜூன் 2ஆம் நாள் மாலை. சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவுவண்டி ஒரிசாவின் பாலசோர் அருகே சரக்குவண்டியில் மோதிற்று. வேறொரு விரைவுவண்டியும் சிக்கிற்று. இறந்தோர் முந்நூறை ஒட்டினர். கோரமண்டல் என்றால் என்ன? சோழமண்டலம்! ஐரோப்பியர் வாயில் திரிந்த அதே பெயர். கும்மிடிப்பூண்டிப் பாதையில் நாள்தோறும் எங்கள் ஆலைச் சுவருக்கு அப்பால் ஊதிக்கொண்டு போகும் வண்டி. பையன்களைக் கொண்டுவந்ததும் அதுபோன்ற வண்டிகள்தாம். பதிவு செய்யாத பெட்டிகளில் பயணம் செய்தோரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. யாரும் அடையாளம் காட்டாமல் நான்கு திங்கள் குளிர்பெட்டியில் கிடந்த 28 உடல்களை அக்டோபர் திங்களில் புவனேசுவரத்தில் அரசே எரியூட்டிற்று.

இறந்தோர் பட்டியல் இதழ்களில் வந்தபோது என் குறிப்பேட்டைத் தூசி தட்டி எடுத்தேன். பேத்தி ஒரு பக்கம் அமர்ந்து கைப்பேசியில் பட்டியலைப் படிக்க, நான் மறுபக்கம் அமர்ந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். இரண்டு பெயர்கள் ஒத்திருந்தன. ஒன்றில் ஊர் வேறு. மற்றொன்றில் அகவை பொருந்தவில்லை. பதினேழு பேரும் அதில் இல்லை என்று தெளிய இரவு வெகுநேரம் ஆயிற்று.

"முடிந்ததா, தாத்தா?" என்றாள் பேத்தி.

"இன்னும் ஒருவன் இருக்கிறான்" என்றேன்.

"பெயரைச் சொல்லுங்கள், தேடுகிறேன்" என்று அவள் விரலைத் திரைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.